பரவால்ல என்று சொன்ன வாய்

எனக்கு எழுத்து என்றால் கையெழுத்து மட்டும்தான். அதையும் பார்த்தவர்கள் கோழி கிளறியதோ என்று சந்தேகப்படுவார்கள். ஆகவே இதை நான் சொல்லச் சொல்ல எழுதுவது என் வீட்டுக்காரி. அவள் எட்டாம் வகுப்பு வரை போனவள். "பேசினதைப் பேசினபடியே போடு, மிச்சத்தை அச்சுத் தமிழில் எழுது, படிக்கிறவர்கள் நம்மையும் கொஞ்சம் மதிக்கட்டும்" என்று சொல்லியிருக்கிறேன். நடுவில் என்னைப் பற்றி மோசமாக ஏதாவது வந்தால் அது அவள் சேர்த்தது. ரொம்ப மோசமாக வந்தால் அது உண்மை.

ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, வாய்க்காலை ஒட்டி எங்களுக்கு அரை ஏக்கர் இருக்கிறது. இருபது வருஷம் அவள் பிறத்தியார் தோட்டத்தில் இலை அறுத்தாள், குலை சுமந்தாள். நான் பிறத்தியார் வரப்பை வெட்டினேன், நடுநடுவே மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு கதை பேசினேன். (நடுநடுவே இல்லை, முக்கால்வாசி நேரம் என்று அவள் எழுதப் பார்க்கிறாள்.) அப்படிச் சேர்த்து வாங்கிய இடம். அதில் முதல் தடவையாக எங்களுக்கென்று நானூறு வாழை வைத்தோம். கோடையில் வாய்க்காலை அடைத்துவிடுவார்கள் என்பதால் கிணற்றில் ஒரு சூரிய ஒளி மோட்டாரும் போட்டோம். வெயில் இருந்தால் போதும், அது பாட்டுக்கு இறைக்கும். எங்கள் ஊரில் வெயிலுக்கு என்றைக்குப் பஞ்சம்?

வாழை குலை தள்ள ஆரம்பித்த வாரம் மோட்டார் நின்றது. கம்பத்தில் மாட்டியிருக்கும் பெட்டியில் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. தட்டிப் பார்த்தேன். கும்பிட்டுப் பார்த்தேன். அசையவில்லை. ஐந்து வருஷத்துக்கு எல்லாம் கம்பெனியே பார்க்கும் என்று பேச்சு. நடுவில் வெளி ஆள் யாராவது பெட்டியைத் திறந்தால் கம்பெனி கையை விரித்துவிடும். குலை தள்ளின வாழைக்குப் பத்து நாள் தண்ணீர் இல்லையென்றால் குலையின் பாரம் தாங்காமல் மரம் கழுத்து முறிந்து விழும். அப்படி விழுந்தால் நாங்கள் மறுபடியும் பிறத்தியார் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும்.

பெட்டியின் மேல் கம்பெனியின் போன் நம்பர் ஒட்டியிருந்தது. பேசுவது நான், படிப்பது அவள் என்பது எங்கள் வீட்டில் எப்போதும் உள்ள ஏற்பாடு. முகம் தெரியாத ஆளிடம் பேச அவளுக்கு வராது. எனக்கு முகம் இல்லாவிட்டாலும் பேச்சு வரும்.

போட்டதும் ஒரு பெண் குரல் வணக்கம் சொன்னது. நானும் வணக்கம் சொன்னேன். எந்தெந்த மொழிக்கு எந்த எண்ணை அழுத்த வேண்டும் என்று வரிசையாகச் சொன்னது. ஒவ்வொன்றுக்கும் "சரிம்மா, சரிம்மா" என்றேன்.

"அது மிஷினு பேசுது. அதுகிட்ட எதுக்குக் கொழையுதீய?" என்றாள் வீட்டுக்காரி.

"மிஷினா இருந்தாலும் பொம்பளப் பிள்ள கொரலுல்லா?"

தமிழுக்கு ஆறாம் நம்பர். அமுக்கியதும் பாட்டுப் போட்டார்கள். நல்ல பாட்டுத்தான், ஆனால் ஒரே இடத்தில் நின்று சுற்றிக்கொண்டிருந்தது, எங்கள் ஊர்ச் செக்குமாடு மாதிரி. வீட்டுக்காரி அதற்குள் கிணற்றில் வாளியை விட்டு ஆறு வாழைக்கு இறைத்து ஊற்றிவிட்டாள். பிறகுதான் நிஜமான பெண் வந்தாள்.

"வணக்கம் சார், உங்களுக்கு எப்படி உதவலாம்?"

என்னை வாழ்க்கையில் யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. பின்னால் யாராவது வாத்தியார் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, முறைப்படி ஆரம்பித்தேன்.

"சாப்ட்டியாம்மா?"

அந்தப் பக்கம் ஏதோ தட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"சார்?"

"இல்ல, சாப்பாடெல்லாம் ஆச்சான்னு கேட்டேன்."

"...ஆச்சு சார். உங்க பெட்டியில இருக்குற சீரியல் நம்பர் சொல்லுங்க."

வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைக்காமல் வாசலிலேயே என்ன விஷயம் என்று கேட்டது போல் இருந்தது எனக்கு. ஆனால் அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் பேச்சு, பாளையங்கோட்டையை விட்டால் நடுவில் எங்கேயும் நிற்காத பஸ் மாதிரி ஒரே ஓட்டமாகப் போனது. நான் ஏறுவதற்குள் அது கிளம்பிவிடும். "கொஞ்சம் பைய சொல்லும்மா" என்றேன். அவளுக்கு என் பேச்சும் அப்படித்தான் போலிருக்கிறது. "நீங்க கொஞ்சம் மெதுவா சொல்லுங்க சார்" என்றாள். ரெண்டு பேரும் மாறி மாறி இதையே கேட்டுக்கொண்டோம்.

நம்பர் பெட்டியின் அடியில் எறும்பு சைசில் இருந்தது. வீட்டுக்காரி மண்ணில் மல்லாந்து படுத்து வாசித்தாள். நான் போனில் திருப்பிச் சொன்னேன்.

"பி ஃபார் பாம்பேயா சார், டி ஃபார் டெல்லியா சார்?"

"நாங்க ரெண்டு ஊருக்கும் போனதில்லம்மா. திருச்செந்தூரு வரைக்கும் போயிருக்கோம்."

அவள் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாது என்று அங்கே சட்டமோ என்னவோ. எப்படியோ நம்பர் போய்ச் சேர்ந்தது. புகார் பதிவாகிவிட்டது, கம்பெனியிலிருந்து கூப்பிடுவார்கள் என்றாள். பிறகு, "நான் கொடுத்த தகவல் உங்களுக்குத் திருப்தியா இருந்துச்சா சார்?" என்று கேட்டாள்.

"ரொம்பத் திருப்தி தாயி. நீ நல்லா இருக்கணும்" என்று வாழ்த்தி வைத்தேன்.

மூன்றாம் நாள் அதே பெண் கூப்பிட்டாள். குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன். வீட்டுக்காரி தோட்டத்தின் அந்தக் கோடியில் இருந்தாள்.

"சார், பெட்டியில இருக்குற சுவிட்சை ஒரு தடவை அணைச்சுட்டு மறுபடி போடுங்க."

போட்டேன். சிவப்பு விளக்கு அப்படியே இருந்தது.

"இப்போ பரவாயில்லையா சார்?"

"பரவால்லம்மா" என்றேன்.

"நன்றி சார். நல்ல நாளா அமையட்டும்."

வைத்துவிட்டாள். எனக்கே ஒரு மாதிரி இருந்தது. பேச்சு பாதியில் நின்றுபோனது போல. சரி, மறுபடி கூப்பிடுவாள் என்று இருந்துவிட்டேன். கூப்பிடவில்லை. ஆறாம் நாள் நானே கூப்பிட்டேன், வேறு யாரோ எடுத்து மறுபடியும் பதிந்தார்கள். அன்றைக்குச் சாயங்காலமே அந்தப் பெண் கூப்பிட்டு அதே சுவிட்சைப் போடச் சொன்னாள், அதே கேள்வியைக் கேட்டாள். இந்த வாய் இருக்கிறதே, அதுவும் அதே பதிலைச் சொன்னது.

அதற்குள் கிணற்றுக் கப்பி நாள் முழுவதும் கிரீச் கிரீச் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. நானூறு வாழைக்கும் கையால் இறைக்க முடியாது. குலை தள்ளியதற்கு மட்டும் மரத்துக்கு ரெண்டு வாளி என்று கணக்கு வைத்து ஊற்றினோம். வீட்டுக்காரியின் உள்ளங்கை கயிறு பட்டுக் கன்றிப்போனது. எட்டாம் நாள் காலையில் கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது அவள் என் போனை எடுத்து அதில் வந்திருந்த இங்கிலீஷ் செய்திகளை எழுத்துக்கூட்டிப் படித்தாள். முகம் மாறியது.

"க்ளோஸ்டுன்னு போட்டிருக்கு. ரெண்டு தடவ. ஒங்க புகாரு முடிஞ்சுபோச்சாம்."

"ஆரு முடிச்சா?"

"நீங்கதான். கஸ்டமரு சொன்னாருன்னு போட்டிருக்கு. அந்தப் பிள்ள என்ன கேட்டா?"

"நல்ல பிள்ள. இப்ப பரவாயில்லையான்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீய?"

"பரவால்லம்மான்னேன்."

"மோட்டாரு ஓடுதா?"

"ஓடல."

"பெறகு?"

"அதுக்காவ எடுத்த ஒடனே இல்லன்னு சொன்னா அந்தப் பிள்ள மனசு என்ன பாடுபடும்? மறுபடி கேட்டா சொல்லிருவோம்னுதான் இருந்தேன். அவ மறுபடி கேக்கல."

வீட்டுக்காரி கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தாள். 

இதில் என் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். எங்கள் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனால், காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டதும் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாவது கேட்டால், இப்போதுதான் குடித்தேன் என்க வேண்டும். மூன்றாவது கேட்டால்தான் வாயைத் திறந்து உள்ளதைச் சொல்லலாம். முதல் தடவையே கொண்டா என்கிறவனைக் காணாததைக் கண்டவன் என்பார்கள். முதல் தடவை வேண்டாம் என்றதும் சரி என்று போகிறவர்களை அதற்கும் மேலே பேசுவார்கள். கல்யாணப் பந்தியில் பாயாசம் வரும்போது பாதி இலையைக் கையால் மறைத்துக்கொண்டு போதும் போதும் என்போம். மீதிப் பாதி இலை எதற்குத் திறந்து கிடக்கிறது என்று பரிமாறுகிறவருக்குத் தெரியும். இது எனக்கு அம்மா வயிற்றிலிருந்தே வந்த படிப்பு. நான் படித்தது இது ஒன்றுதான். அந்தக் கம்பெனியில் ஒரு தடவை கேட்டு எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்று யார் கண்டது?

விஷயத்தை வாய்க்கால் பாலத்து டீக்கடை அண்ணாச்சியிடம் சொன்னேன். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. ஆனால் கடை வைத்திருப்பதால் அவர் அண்ணாச்சி.

"ஏம்வே, நீரு மோட்டாருக்குப் போன் பேசுனீரா, பொண்ணு பாக்கப் போனீரா?" என்றார். "எடுத்த எடுப்புலயே ஏறணும் வே. இவன் பெரிய ரவுடி போலுக்குன்னு அவன் பயப்படணும். அப்பதான் வண்டி கட்டி வருவான்."

"எனக்குக் கோவம் வராதே."

"எங் கடை டீ பாக்கிய நெனச்சுப் பாரும். நான் கேக்கும்போது ஒமக்கு வரும்லா, அந்தக் கோவத்தக் கொண்டு போவும்."

தோட்டத்துக்கு வந்து ஒரு வாழையின் முன் நின்று பழகிப் பார்த்தேன். நாலு வாழையைத் திட்டியதும் கொஞ்சம் சூடு ஏறியது. ஆறின கஞ்சியாகிவிடுவதற்குள் போனைப் போட்டேன். எடுத்தது ஒரு இளவட்டம். அவன் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் ஏறிவிட்டேன். "நீங்கள்லாம் மனுசம்மாரா, ஒங்களுக்கெல்லாம் சோறு தண்ணி எறங்குதா" என்று ஆரம்பித்து அண்ணாச்சி சொல்லிக்கொடுத்தது அத்தனையும் கொட்டினேன்.

அவன் குரல் கம்ம, "சார், இப்படிப் பேசினா நான் லைனைக் கட் பண்ண வேண்டி வரும் சார்" என்றான்.

அந்தக் குரலைக் கேட்டதும் என் ரவுடித்தனம் வேட்டி அவிழ்ந்த மாதிரி ஆகிவிட்டது. "ஐயோ தம்பி, ஒன்னைய இல்ல! நீ எனக்கு என்ன கெடுதல் செஞ்ச? இதெல்லாம் டீக்கடை அண்ணாச்சி சொல்லச் சொன்னது. நீ சாப்ட்டியாய்யா?" என்று கால் மணி நேரம் மன்னிப்புக் கேட்டேன். கடைசியில் அவனே என்னைச் சமாதானப்படுத்தினான். "இப்போ உங்களுக்குத் திருப்தியா சார்?" என்றான். "மனசு இப்பத்தாம்யா லேசாச்சு. ரொம்பத் திருப்தி" என்றேன்.

புகாரை மூன்றாவது தடவையும் மூடிவிட்டார்கள்.

அன்று மத்தியானம் மேற்குப் பக்கம் ஒரு வாழை முறிந்தது. கிணற்றடியில் நின்ற எங்களுக்குச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பக்கத்திலேயே இன்னொன்று. வீட்டுக்காரி போய் அந்த இளம் குலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். காய்கள் விரல் பருமன் கூட இல்லை. நுனியில் பூ காய்ந்து ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டாள். எனக்குச் சொல்ல ஆயிரம் வேடிக்கைப் பேச்சு தெரியும், அன்றைக்கு ஒன்று கூட வரவில்லை.

பூவையெல்லாம் தட்டி முடித்ததும் அவள்தான் பேசினாள்.

"நாளைக்கு நீங்க பேசுங்க. நான் பக்கத்துல இருக்கேன்."

"நீயே பேசேன்."

"எனக்குப் பேச வராது. ஒங்களுக்கு நிறுத்த வராது. ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஆளாவோம்."

ஒன்பதாம் நாள் காலையில் பெட்டிக்கடியில் சாக்கை விரித்து உட்கார்ந்தோம். அவள் கை என் முழங்கைச் சதையைப் பிடித்துத் தயாராக இருந்தது. பாட்டு ஓடியது, முடிந்தது. எங்கள் அதிர்ஷ்டம், அதே பெண் எடுத்தாள்.

"எம்மா, நாந்தான். சாப்ட்டியான்னு கேக்குதவன்."

இந்தத் தடவை சிரித்தாள். "சாப்பிட்டேன் சார். உங்க மோட்டார் இப்போ பரவாயில்லையா?"

"பரவா..." என்று வாய் அது பாட்டுக்குக் கிளம்பியது. முழங்கையில் கிள்ளு விழுந்தது. துள்ளிவிட்டேன்.

"சார்? என்ன ஆச்சு சார்?"

"தாயி, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் படிக்காதவன். எங்கூர்ல ஒருத்தர்ட்ட ஒரு விசயத்த மூணு தடவ கேக்கணும். மொத தடவ நல்லாருக்குன்னுதான் சொல்லுவோம். அது மரியாதைக்குச் சொல்லுதது. ரெண்டாவது தடவ இழுப்போம். மூணாவதுதான் உள்ளது வரும். நீ ஒரு தடவ கேட்டு எழுதிக்கிடுத. அதுல எங்க வாழை சாவுது. நேத்து ரெண்டு குலை விழுந்துட்டும்மா."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. 

"எங்க அப்பாவும் இப்படித்தான் சார்" என்றாள். பேச்சின் வேகம் இறங்கியிருந்தது. பஸ் முதல் தடவையாக ஒரு நிறுத்தத்தில் நின்றது. "ஓசூர் பக்கம் எங்க ஊரு. முட்டி வலின்னு டாக்டர்கிட்ட போவாரு. அவர் எப்படி இருக்குன்னு கேட்டா பரவாயில்லைங்கன்னு சொல்லிட்டு வந்துடுவாரு. நான் கூடப் போய்தான் சொல்லணும். எனக்கு முன்னாடி ஸ்கிரீன் இருக்கு சார். சரியாயிடுச்சுன்னா ஒரு பட்டன், ஆகலைன்னா ஒரு பட்டன். பரவாயில்லைக்குப் பட்டன் இல்ல சார்."

"வச்சிருக்கலாம்."

"இருங்க சார், நான் மறுபடி கேக்குறேன். மோட்டார் ஓடுதா?"

வீட்டுக்காரியைப் பார்த்தேன். அவள் கண்ணால் மிரட்டினாள்.

"அது வந்தும்மா... ஓடுத மாதிரி தெரியல."

"மூணாவது தடவை கேக்குறேன் சார். தண்ணி வருதா?"

"வரல. ஒரு சொட்டு வரல தாயி. ஒன்பது நாளாச்சு. எம் பொண்டாட்டி கையெல்லாம் புண்ணாக் கெடக்கு."

சொல்லி முடித்ததும் எனக்கு மூச்சு வாங்கியது. நானூறு வாழையையும் ஒரே ஆளாய்ச் சுமந்து இறக்கியது போல இருந்தது.

அவள் எழுதுகிற சத்தம் கேட்டது. நாளைக்கு ஆள் வருவார் என்றாள். தண்ணீர் வருவதை அந்த ஆள் கண்ணால் பார்த்து, வீட்டம்மாவும் சொன்ன பிறகுதான் மூட வேண்டும் என்று குறிப்புப் போட்டிருப்பதாகச் சொன்னாள். இனி பேசுவதற்கு உங்கள் நம்பர் வேண்டாம் சார், அவங்க நம்பர் கொடுங்க என்றாள். எனக்குக் கொஞ்சம் அவமானம்தான். வீட்டுக்காரிக்கு ரொம்பச் சந்தோஷம்.

"கடைசியா ஒண்ணு சார். கேட்டே ஆகணும். இந்தச் சேவை உங்களுக்குத் திருப்தியா?"

முழங்கையில் பிடி இறுகியது.

"திருப்தி இல்லம்மா. ஆனா ஒன்னைய நான் கொற சொல்லல."

"அப்படியே எழுதிக்கிறேன் சார்."

பத்தாம் நாள் உச்சி வெயிலில் பாளையங்கோட்டையிலிருந்து பைக்கில் மெக்கானிக் வந்தார். பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு பல்லி கருகி ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டி எடுத்து, ஒரு சின்னச் சாமானை மாற்றி, மூடினார். மொத்தம் கால் மணி நேரம். பச்சை விளக்கு எரிந்தது. குழாய் ரெண்டு தடவை இருமிவிட்டு, முதலில் கலங்கலாகவும் பிறகு தெளிவாகவும் கொட்ட ஆரம்பித்தது. நான் அப்படியே வேட்டியோடு போய்க் குழாயடியில் நின்றேன். "வாழைக்கு விடுங்க, நீங்க ஏற்கெனவே வளந்தாச்சு" என்றாள் வீட்டுக்காரி.

மெக்கானிக் வேர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றார். "மோர் குடிக்கியளா?" என்றேன்.

"வேண்டாம் அண்ணாச்சி."

"சரி" என்றேன். கம்பெனி முறையைத்தான் படித்துவிட்டோமே என்று எனக்கு ஒரு பெருமை.

வீட்டுக்காரி என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பல்லி இன்னொரு தடவை கருகியிருக்கும். அவளே போய் இரண்டாவது தடவை கேட்டாள், மூன்றாவது தடவையும் கேட்டாள். அவர் மூன்று செம்பு குடித்தார்.

பைக் பாலம் ஏறியிருக்காது, அவள் போன் அடித்தது. அந்தப் பெண்தான். முகம் தெரியாத ஆளிடம் பேச வராதவள், வெட்கத்தோடு காதில் வைத்தாள். நான் அவள் தோளோடு தோளாக ஒட்டி நின்று கேட்டேன்.

"தண்ணி வருதா மேடம்?"

"வருது."

"ரெண்டாவது தடவை கேக்குறேன். வருதா?"

"வருதும்மா."

மூன்றாவது தடவை கேட்டபோது வீட்டுக்காரி பதில் சொல்லவில்லை. போனைக் கொண்டுபோய்க் குழாய் வாயருகில் நீட்டினாள். அந்தப் பெண் அங்கே எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தாளோ தெரியாது. நான் போனைப் பிடுங்கினேன்.

"தாயி, மொதக் குலை ஒனக்குத்தான். அனுப்பட்டா?"

"ஐயோ, அதெல்லாம் வேணாம் சார்."

"அனுப்பட்டாம்மா?"

"வேணாம் சார், எங்க கம்பெனியில ஒத்துக்க மாட்டாங்க."

"மூணாவது தடவ கேக்குதேன். அனுப்பட்டா?"

 பிறகு மெதுவாக, பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் கேட்காத மாதிரி, "கதலியா சார்?" என்றாள்.

மொத்தம் பதினோரு வாழை போனது. மற்றதெல்லாம் நிற்கிறது. கிழக்கு வரிசையில் ஒரு குலைக்கு வீட்டுக்காரி பழைய சேலைக் கிழிசலைக் கட்டி அடையாளம் வைத்திருக்கிறாள். ஓசூருக்குக் குலை எப்படி அனுப்புவது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. டீக்கடை அண்ணாச்சிதான் விசாரித்துக்கொண்டிருக்கிறார். காய் இன்னும் முற்றவில்லை, அதனால் நேரம் இருக்கிறது.